ஒரு மூடியின் அகலம்

(பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான்தான் வேறு தலைப்பு கேட்டு வாங்கினேன். பகலில் நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. ராத்திரிதான் கவிதை எல்லாம். பகலில் என் மேசைக்கு வருகிற காகிதங்களில் கொஞ்ச வருஷமாக ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருது. 'சஸ்டெயினபிள்'. சஸ்டெயினபிள் தொழிற்சாலை, சஸ்டெயினபிள் செருப்பு, சஸ்டெயினபிள் கடன். தமிழில் நீடித்த, நிலைத்த, வளங்குன்றாத என்று மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். எங்கம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். "நாளைக்கும் அடுப்பு எரியணும், தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கணும், அதானே?" என்றாள். 1987இல் ஐ.நா.வுக்காக புருண்ட்லாண்ட் ஆணையம் கொடுத்த அறிக்கையின் சாரமும் ஏறக்குறைய அதுதான். வருகிற தலைமுறையின் தேவையைப் பறிக்காமல் இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்வது.

நல்ல கொள்கை. யாரும் மறுக்க முடியாது. ஆனால் யாரும் மறுக்க முடியாத வார்த்தைகள் மீது நமக்கு எப்பவும் ஒரு சந்தேகம் வேணும். ஊர் பொது, கோயில் பொது, குளம் பொது என்றுதான் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். 1927இல் மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தபோதுதான் 'பொது'வின் எல்லை எது என்று எல்லாருக்கும் தெரிந்தது. 'நாளைய தலைமுறை' என்று சொல்லும்போதும் அதே கேள்வியைக் கேட்கலாம். யாருடைய தலைமுறை?

இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் சொல்வது இதுதான்: மாசு வந்த பிறகு அதைச் சுத்தம் பண்ணுவது பழைய முறை. இனி பொருளை வரைகிறபோதே, அது எதில் செய்யப்படும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும், என்ன கழிவு தரும், கிழிந்த பிறகு எங்கே போகும் என்பதையெல்லாம் யோசித்து வடிவமைப்போம். அந்தப் பேச்சில் உண்மை இருக்கு. ஒரு பொருள் செய்யும் கேடும் நன்மையும் பெரும்பகுதி அது வரையப்படும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த மேசையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். எனக்குத் தெரிந்த பொருளை வைத்துப் பேசுகிறேன். தோல். எங்கப்பா தோல் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் நின்றவர். இங்கே உட்கார்ந்திருக்கிற பலபேருக்கும் அப்படி ஒரு அப்பாவோ, தாத்தாவோ, ஷூ கம்பெனிக்குப் போகிற அக்காவோ இருப்பார்கள்.

*

ஷாப்புக்கு உள்ளே போகாத மாணவர்களுக்காக ஒரு தோலின் பயணத்தைச் சொல்கிறேன்.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுவார்கள். தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பு. ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. கழுவின உப்பு எல்லாம் தண்ணீரில். அடுத்தது சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். முடி உதிர வேண்டும், தோல் உப்ப வேண்டும். பிறகு உள்பக்கத்துச் சவ்வு, கொழுப்பு, சதையைச் சீவுவது. பிறகு சுண்ணாம்பை எடுப்பது. பிறகு அமிலமும் உப்பும் போட்டு ஊற வைப்பது. 'பிக்கிள்' என்பார்கள், ஊறுகாய் மாதிரி. அதற்குப் பிறகு குரோம். டிரம்முக்குள் குரோமியம் சல்பேட் போட்டுச் சுற்றினால் தோல் நீல நிறமாகி வெளியே வரும். 'வெட் புளூ'. அதற்கு மேல் சாயம், எண்ணெய், மெருகு.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் பச்சைத் தோலுக்கு இந்தப் பழைய முறையில் முப்பது முதல் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்த ஒரு டன்னில் கடைசியில் தோலாக வெளியே போவது 200, 250 கிலோதான். மீதி சதை, முடி, கொழுப்பு, சீவல். போடுகிற குரோமில் 60, 70 சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் தண்ணீரோடு போகும். நான் வங்கிக்காரன். முதல் போட்டதில் கால்வாசி மட்டும் சரக்காகத் திரும்பி வருகிற ஒரு தொழில் எப்படி லாபத்தில் ஓடும்? மீதி முக்கால்வாசியை வேறு யாராவது சுமந்தால் ஓடும். கணக்குப் புத்தகத்தில் அவர்களுக்குப் பக்கம் இல்லை. ஆறு சுமந்தது. கிணறு சுமந்தது. எங்கப்பாவின் கையும் காலும் சுமந்தன.

முன்னாடி எல்லாம் இயற்கையாக இருந்தது, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள், அதற்கே திரும்பிப் போகணும் என்று பேசுகிற நண்பர்கள் உண்டு. பட்டைத் தோல் நல்ல தோல்தான். ஐரோப்பாவில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா' என்று பெயரே இருந்தது. ஆனால் அந்தக் குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தோலைத் திருப்பிப் போட்டவன் யார்? எங்க தாத்தா. அவர் காலில் நகம் இருந்ததை நான் பார்த்ததில்லை. பட்டை மாசு குறைவு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அது பொற்காலம் என்று சொன்னால், யாருக்கு என்று கேட்பேன்.

பட்டையிலிருந்து குரோமுக்கு நாம் போனது தானாக நடந்தது இல்லை. 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு சீதாராமையா குழு போட்டது. பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை, அரைகுறையாகப் பதனிட்டதற்குக் கட்டுப்பாடு, முழுசாக முடித்த தோலுக்கும் ஷூவுக்கும் ஊக்கம் என்று கொள்கை மாறியது. அந்நியச் செலாவணி வேண்டும். மேல்நாடுகளும் அழுக்கான முதல் கட்ட வேலைகளைத் தங்கள் ஊரிலிருந்து கழற்றிவிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வேலை இங்கே வந்தது. கூடவே கழிவும் வந்தது. ராணிப்பேட்டையில் குரோமேட்டும் குரோமியம் சல்பேட்டும் செய்த ஒரு தொழிற்சாலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். முதலாளி போய்விடலாம், கம்பெனி திவாலாகலாம், மலையாகக் குவிந்த கழிவு எங்கேயும் போகாது. மழை பெய்தால் மஞ்சளாகக் கரைந்து இறங்கும்.

*

இனி ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன்.

1989இல் ஜெர்மனி ஒரு தடை போட்டது. தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் போடும் பென்டாகுளோரோபீனால் என்கிற மருந்து, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சரக்கு திரும்பி வரும் என்றதும் நம் ஊர் ஷாப்புகள் பதறின. வருஷக்கணக்காக மாற முடியாது, மாற்று இல்லை என்று சொன்னவர்கள் சீக்கிரமே மாறினார்கள். அடுத்து 1990களின் நடுவில் சில அசோ சாயங்களுக்குத் தடை. அதையும் மாற்றினார்கள். 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலில் இருக்கும் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதுதான் தோல் ஒவ்வாமை தருகிற, புற்றுநோய் தருகிற குரோமியம். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரியுது. ஒண்ணு, மாற்ற முடியாது என்பது பொய். சந்தை போய்விடும் என்றால் ஒரே பருவத்தில் வடிவமைப்பு மாறும். இரண்டாவது, இந்தத் தடைகளால் முதலில் காப்பாற்றப்பட்டது யாருடைய தோல்? ஷூவைப் போடுகிறவரின் தோல். அவர் தோலும் தோல்தான், அவருக்கு அரிப்பு வரணும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஷூவின் தோலைக் குரோம் தண்ணீரிலிருந்து வெறுங்கையால் தூக்கிப் போட்டவருக்கு எத்தனை மில்லிகிராம் என்று ஏற்றுமதிச் சான்றிதழ் எதிலும் கேட்பதில்லை. வாங்குகிறவர் உடம்பு வடிவமைப்பின் அளவுகோலுக்குள் வந்துவிட்டது. செய்கிறவர் உடம்பு இன்னும் வரவில்லை.

*

நீதிமன்றத்துக்கு வருவோம். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. இந்தியாவில் சட்டம் படிக்கிற எல்லா மாணவரும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். மாசு செய்தவரே இழப்பைக் கட்ட வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு ஆதாரம் வரும்வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. தோல் ஷாப்புகள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானது அதில் பதிவாகியிருக்கிறது. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் இந்தியச் சட்டத்துக்கு இரண்டு கோட்பாடுகளைக் கொடுத்தது. சட்டம் வளர்ந்தது. கிணறு அப்படியே இருக்கு. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி இதே பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், மாசு செய்தவர்களிடம் வசூல் பண்ணுங்கள், கண்காணிக்கக் குழு போடுங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் இருபத்தெட்டு வருஷம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிலம் இருந்தவனுக்கு இழப்பீடு என்று ஒரு பேச்சாவது இருந்தது. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவனுக்கு? நிலம் உப்பானதும் களை எடுக்கிற, நாத்து நடுகிற வேலை போச்சு. அந்த வேலை போனதும் சேரியிலிருந்து பெண்கள் எங்கே போனார்கள்? எந்த ஷாப்பு நிலத்தைக் கெடுத்ததோ, அதே ஷாப்புக்குத் தோல் சீவ, காயவைக்கப் போனார்கள். எங்க சித்தி போனாங்க. மாசுதான் அவங்களுக்கு வேலைவாய்ப்பு ஆனது.

தீர்ப்புக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒழுங்காக வந்தன. பிறகு ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற முறை வந்தது. கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடித்து நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்வது, மிச்ச உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குவது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எல்லாம் கலந்த உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் நிற்கிறது. சமையலுக்கும் ஆகாது, தொழிலுக்கும் ஆகாது. தண்ணீரிலிருந்த பிரச்சினை மூட்டைக்குள் போயிருக்கு. இதைத்தான் குழாயின் கடைசியில் நின்று வைத்தியம் பார்ப்பது என்கிறார்கள்.

குழாயின் கடைசியில் யார் நிற்கிறார்கள் என்பது 2015 ஜனவரி 31 அதிகாலை தெரிந்தது. ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கசடு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம்ம ஆட்கள் மெல்ல மெல்ல வெளியேறும் வேலையில் வேறொரு மாநிலத்து ஏழைகள் வந்து படுத்திருந்தார்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டின தொட்டி அது. சுற்றுச்சூழல் என்ற கட்டத்தில் அது 'சரி' என்று குறி வாங்கியிருக்கும். தொழிலாளி எங்கே தூங்குவான் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை.

*

அப்படியென்றால் நல்ல வடிவமைப்பே கிடையாதா? இருக்கு. அறிவியல் படிக்கிற மாணவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள்.

தோலைக் கழுவுவதற்கு முன் ஒரு டிரம்மில் போட்டுத் தட்டினால் உப்பில் ஒரு பகுதி உலர்ந்தபடியே உதிர்ந்துவிடும். தண்ணீருக்குள் போகாது. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். சுண்ணாம்பு போடுவதற்கு முன்பே சதையைச் சீவினால் கெமிக்கல் குறையும், சீவலும் சுத்தமாகக் கிடைக்கும். குரோம் தண்ணீரைத் தனி வாய்க்காலில் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படிய வைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் அதே குரோமை மறுபடி டிரம்மில் போடலாம். சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இவற்றையெல்லாம் பரப்பியிருக்கிறது. தண்ணீர் சேர்க்காமல் குரோம் போடும் முறையையும் அங்கே உருவாக்கினார்கள். அதில் பிக்கிள் கட்டமே தேவையில்லை. நம் வரிப்பணத்தில் நடந்த நல்ல வேலை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தனி வாய்க்கால். ஏன் என்று சொல்கிறேன். சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரில் சல்பைடு இருக்கு. பிக்கிள் தண்ணீரிலும் குரோம் தண்ணீரிலும் அமிலம் இருக்கு. இரண்டும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அப்புறம் ஆள் விழுவான். விழுந்தவனைத் தூக்க இறங்கினவனும் விழுவான். தோல் ஷாப்புத் தொட்டிச் சாவுகளில் ஒருவர் பின் ஒருவராகச் செத்த செய்தியைப் படிக்கிறோமே, அதன் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான். 'விஷவாயு தாக்கி' என்று பேப்பரில் போடுவார்கள். என்னமோ வாயு எங்கிருந்தோ வந்து தாக்கின மாதிரி. இரண்டு குழாயை ஒரே தொட்டிக்கு இழுத்துவிட்டதால் உண்டான வாயு அது. இன்னொரு வாய்க்கால் வெட்டச் செங்கல், சிமெண்டு செலவு. ஆள் மலிவு. அதனால் ஒரே வாய்க்கால்.

அப்புறம் அந்தத் தொட்டியின் மூடி. நீங்கள் போய்ப் பாருங்கள். ஒரு ஆள் தோளைக் குறுக்கி இறங்குகிற அகலம். அந்த அகலம் எப்படி வந்தது? வரைந்த பொறியாளரின் மனசுக்குள் ஒரு ஆள் ஏற்கனவே இறங்கிவிட்டான். அவனுக்குச் சம்பளம் எவ்வளவு, அவன் எந்தத் தெரு என்பது உட்பட அவருக்குத் தெரியும், யோசிக்காமலே தெரியும். அடியில் சாய்தளம் வைத்து, கசடு தானாக ஓரிடத்தில் சேர்ந்து பம்ப்பில் வெளியே வருகிற மாதிரி வரைந்திருக்கலாம். வரையவில்லை. இந்தியாவில் இறங்குவதற்கு ஆள் உண்டு என்ற நம்பிக்கை சிமெண்டில் ஊற்றப்பட்டிருக்கு. சாதி மனசில் இருக்கிறது, புத்தகத்தில் இருக்கிறது என்கிறார்கள். வட்டமாக, இரும்பு வளையத்தோடு தரையிலும் இருக்கு.

கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடை, கழிவுத்தொட்டிச் சாவுகளுக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் சாக்கடைச் சாவுக்கு முப்பது லட்சம் ஆக்கியது. அதே 2023 பட்ஜெட்டில், இனி 'மேன்ஹோல்' கிடையாது, 'மெஷின் ஹோல்' என்றார்கள். பெயரில் இருந்த மனிதனை எடுத்துவிட்டார்கள். நல்லது. துளையிலிருந்து எப்போது எடுப்பார்கள்?

*

எங்கப்பா கதை ஒன்று. நான் காலேஜ் படித்த நேரம். அவர் வேலை செய்த ஷாப்புக்கு வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் சோதனைக்கு ஆள் வந்தார்கள். தண்ணீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, குரோமை எப்படிக் கையாளுகிறார்கள் என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அன்றைக்குக் காலையில் எல்லாருக்கும் புதுக் கையுறை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், முகமூடி கொடுத்தார்கள். சாயந்திரம் சோதனைக்காரர் கார் கிளம்பினதும் மேஸ்திரி ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார். கழட்டி அதில் போட வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார்: "பூட்ஸு இல்லாம இருவது வருசம் நின்னேன், ஒண்ணும் தெரியல. இன்னிக்கி ஒரு நாள் போட்டுக் கழட்டிக் குட்த்துட்டு வரேன், கால் இன்னா எரி எரியுது தெரியுமா."

ஷாப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. சட்டகம் போட்டு மாட்டினார்கள்.

இன்னொரு கதை என்னைப் பற்றியது. சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதுகூட யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷம் முன்பு, ஒரு தோல் நிறுவனத்தின் கடன் கோப்பு எங்கள் கிளைக்கு வந்தது. 'பசுமை' விரிவாக்கம். புது டிரம், சூரிய மின்தகடு, மறுசுழற்சி. திட்ட அறிக்கை வழவழ காகிதத்தில் அச்சாகி இருந்தது. அட்டையில் ஒரு தளிர். கூடவே ஒரு சரிபார்ப்புப் பட்டியல். கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அதில் ஒரு வரி: அபாயகரமான வேலை எதுவும் கையால் செய்யப்படுகிறதா? ஆம், இல்லை, பொருந்தாது. மூன்றில் ஒன்றை அமுக்கணும். அந்த ஷாப்பின் தொட்டி எனக்குத் தெரியும். அதில் இறங்குகிறவர் எங்க தெருவில் மூன்றாவது வீடு. அதிகாரியிடம் போய்க் கேட்டேன். "சர்டிபிகேட் எல்லாம் இருக்குல்ல, 'இல்லை'ன்னு போடுப்பா" என்றார். கெட்ட மனிதர் கிடையாது. அன்றைக்குக் கணக்கு முடிக்கிற நாள், அவருக்கு அவசரம்.

நான் 'இல்லை' என்று அமுக்கினேன்.

அன்று ராத்திரி ஒரு கவிதை எழுதினேன். தொட்டி, மூடி, மூன்றாவது வீடு எல்லாம் அதில் வந்தது. நல்லாத்தான் இருந்தது. ஒரு பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று உறையில் போட்டேன். அப்புறம் கிழித்துவிட்டேன். பகலில் 'இல்லை' என்று அமுக்கிய விரல் ராத்திரி 'இருக்கிறது' என்று எழுதினால் அதற்கு என்ன மரியாதை? மூன்றாவது வீட்டு அண்ணன் இன்னும் உயிரோடு இருக்கிறார். அது அவருடைய அதிர்ஷ்டம். எங்கள் சரிபார்ப்புப் பட்டியலால் கிடைத்த உயிர் இல்லை அது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நாளைக்கு நீங்களும் இதே மாதிரி மேசைகளில்தான் உட்காரப்போகிறீர்கள். இடஒதுக்கீடு நமக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு நாற்காலி மட்டும்தான் என்று நினைத்தால், என்னை மாதிரி அமுக்கிவிட்டுப் போகலாம். 2022-23ஆம் நிதியாண்டு முதல் பங்குச் சந்தையில் இருக்கிற முதல் ஆயிரம் கம்பெனிகள், சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் என்ன செய்தோம் என்று வருஷா வருஷம் அறிக்கை கொடுக்கணும் என்பது செபியின் கட்டாயம். அந்த அறிக்கைகளைத் தயாரிக்க, சரிபார்க்க, தட்டச்சு செய்ய ஆயிரக்கணக்கான பேர் வேண்டும். அதில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு அந்தப் பெட்டியில் என்ன போடணும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

*

மாற்றி யோசித்த உதாரணம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். மகாராஷ்டிரத்தில் 2015இல் மாட்டிறைச்சித் தடை வந்தது. காளையும் எருதும் வெட்டக் கூடாது. மும்பை தாராவியில் தோல் தைத்துக்கொண்டிருந்த சமார் சமூகத் தொழிலாளர்களுக்கு வேலை போனது. அடுத்த வருஷம் குஜராத்தில் ஊனா பக்கத்தில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். குஜராத் தலித்துகள் என்ன செய்தார்கள்? செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் சுரேந்திரநகர் கலெக்டர் அலுவலகத்துக்கு முன்னால் இறக்கினார்கள். உங்கள் தாய், நீங்களே அடக்கம் பண்ணுங்கள் என்கிற பொருளில். அதுவரைக்கும் அந்த வேலை ஒரு 'சேவை' என்பதே ஊருக்குத் தெரியாது. நின்றபோதுதான் நாறியது.

அந்தச் சூழலில் சுதீர் ராஜ்பர் என்ற ஓவியர் தாராவித் தொழிலாளர்களோடு சேர்ந்து பைகள் செய்யத் தொடங்கினார். தோல் இல்லை; மறுசுழற்சி செய்த ரப்பர் தகடு. பொருளுக்கு வைத்த பெயர்தான் முக்கியம்: 'சமார்'. எந்தப் பெயரைச் சொல்லித் திட்டினார்களோ அந்தப் பெயரையே கடையின் பலகையில் போட்டார்கள். அந்தப் பையை வாங்குகிறவர் யார் செய்தார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்க முடியாது. ஒரு கடையால் தாராவி மாறிவிடாது, விலை கொடுக்க முடிந்தவர்தான் வாங்குகிறார் என்பதெல்லாம் தெரியும். ஆனால் பழைய ரப்பரும் உடைந்த தொழிலும் அவமானப்பட்ட பெயரும் ஒரே மேசையில் வைத்து வரையப்பட்டது அங்கே. செய்கிறவர் பொருளின் வடிவத்துக்குள்ளேயே இருந்தார்.

ஆகவே தோழர்களே, இனி எதையாவது 'பசுமை' என்று யாராவது உங்கள் முன்னால் வைத்தால் நான்கு கேள்வி கேளுங்கள். இதற்குப் பிறகு மிஞ்சுவது என்ன, அது எந்தத் தெருப் பக்கம் போகிறது? இதை வரைகிற மேசையில், இதைச் செய்கிறவர் உட்கார்ந்தாரா? இதில் ஆள் இறங்க வேண்டிய இடம் எங்கே, ஏன்? சோதனைக்காரர் கார் கிளம்பின பிறகு கையுறை யார் கையில் இருக்கு?

பொறியியல் படிக்கிற தம்பிகள் இரண்டு வாய்க்கால் வரையுங்கள். வேதியியல் படிக்கிற தங்கைகள் அந்தக் கலப்பு உப்பைப் பிரிக்க வழி பாருங்கள். அந்தக் கொட்டகை உங்களுக்காகத்தான் காத்திருக்கு. சட்டம் படிக்கிறவர்கள் 2025 தீர்ப்பு எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுங்கள். நிலமில்லாத கூலிக்கு இழப்பீடு எங்கே என்ற கேள்வியை அந்தக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்பீர்கள். நியாயம்தான். போன மாதம் இன்னொரு கோப்பு வந்தது. அதே பட்டியல், அதே வரி. இந்த முறை 'ஆம்' என்று அமுக்கினேன். கம்ப்யூட்டர் அதற்கு மேல் நகரவில்லை. விளக்கம் கொடு என்று ஒரு பெட்டி திறந்தது. நூறு எழுத்துக்கு மேல் எழுத முடியாது. தொட்டி எங்கே இருக்கிறது, மூடி எவ்வளவு அகலம், மாதத்தில் எத்தனை தடவை இறங்குகிறார்கள் என்று எழுதினேன். கோப்பு இன்னும் மேலே நிற்கிறது. எனக்கு மெமோ வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அடுத்த கூட்டத்தில் கொண்டுவந்து படிக்கிறேன்.

அந்த நூறு எழுத்தும் கவிதை இல்லை. ஆனால் அதைக் கிழிக்கவில்லை.